ஆச்சி சொன்னதும் பத்திரம் சொல்வதும்: நெல்லைப் பக்கம் ஒரு குடும்ப வரலாற்றைத் தொகுக்கும் வேலை

குடும்ப வரலாறு எழுத உட்காருகிறவர்கள் பெரியவர்கள் சொன்னதை அப்படியே நம்பி எழுதிவிடுகிறார்கள். இல்லையென்றால், ஒரு பழைய பத்திரம் கையில் கிடைத்ததும் பெரியவர்கள் சொன்னதையெல்லாம் அதற்கேற்ற மாதிரி திருத்திவிடுகிறார்கள். எப்படிச் செய்தாலும், எது யார் வாயிலிருந்து வந்தது, எது காகிதத்திலிருந்து வந்தது என்று அடுத்த தலைமுறைக்குத் தெரியாமல் போகிறது. அதனால் வாய்ச்சொல்லைத் தனியாக வைக்க வேண்டும். காகிதத்தைத் தனியாக வைக்க வேண்டும். நாம் கோத்து எழுதும் கதை மூன்றாவது கட்டு. ஒன்று இன்னொன்றைச் சுட்டிக்காட்டலாம், அதற்குள் போய்க் கரையக் கூடாது.

தாமிரபரணிப் பாசனத்தில் நன்செய்யும் மேட்டில் கொஞ்சம் புன்செய்யும் வைத்திருந்த, நான்கைந்து தலைமுறை பேச்சு எட்டுகிற ஒரு குடும்பத்தை வைத்துச் சொல்கிறோம். பனைத்தொழில், நெசவு, பீடிக் குடும்பங்களுக்கு விவரம் மாறும், முறை இதுதான்.

எங்கே, எப்போது ஆரம்பிப்பது

பங்குனி உத்திரத்துக்கு இரண்டு மாதம் முன்னால் ஆரம்பித்தால் நல்லது. அன்றைக்குக் குலசாஸ்தா கோவிலில் பங்காளிகள் மொத்தமும் ஒரே இடத்தில் சேருவார்கள். சென்னையிலும் மும்பையிலும் இருக்கிறவர்கள்கூட வருவார்கள். அதற்குள் ஒரு கரட்டு வம்சப் பட்டியல் தயாராக இருந்தால், பெரிய தாளில் அச்செடுத்துக் கோவில் மரத்தடியில் விரித்துவிடலாம். ஓட்டைகளை அவர்களே அடைப்பார்கள். "இது யாரு, என் பெரியப்பா பேரையே காணும்?" என்று ஒருவர் கோபப்பட்டால் வேலை நடக்கிறது என்று பொருள். ஆள் ஆளாக வீடு தேடிப் போய்ச் சேகரிப்பதைவிட அந்த ஒரு மத்தியானம் அதிகம் தரும்.

குலசாஸ்தா கோவில் எந்த ஊரில் இருக்கிறது என்பதே ஒரு தகவல். குடும்பம் இருப்பது அம்பாசமுத்திரம் பக்கமாக இருக்கும், சாஸ்தா ஸ்ரீவைகுண்டம் பக்கத்தில் ஒரு குளக்கரையில் இருப்பார். முன்னோர் எங்கிருந்து நகர்ந்து வந்தார்கள் என்று தேட வேண்டிய முதல் இடம் அந்த ஊர். ஆடி அமாவாசைக்குக் காரையாறு சொரிமுத்தையனாருக்குப் போகிற குடும்பம் என்றால், அங்கே எந்தப் பரிவார தெய்வத்துக்குப் படைக்கிறார்கள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒலிப்பதிவுக்கு ஆனி, ஆடி மாதங்களைத் தவிர்க்கலாம். தென்காசி, இராதாபுரம் பக்கம் அந்தக் காற்றில் திண்ணையில் பதிந்தால் மைக்கில் இரைச்சல்தான் விழும். கோவில் கொடைத் திருவிழா நடக்கிற வாரமும் வேண்டாம், குழாய் ஒலிபெருக்கி விடாது.

ஆளுக்கு ஒரு எண்

நம் பக்கம் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். ஒரே குடும்பத்தில் நான்கு சுடலைமுத்து, மூன்று உலகம்மாள் வந்துவிடுவார்கள். பெயரை வைத்து அடையாளம் காண முயன்றால் இரண்டு தலைமுறை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கதையில் ஒருவர் நூற்றிருபது வயது வாழ்ந்த மாதிரி ஆகிவிடுவது இதனால்தான்.

ஆளுக்கு ஒரு எண் கொடுங்கள். கிளை, தலைமுறை எல்லாம் சேர்த்து 1.2.3 என்று படியெண் போடாதீர்கள். அத்தை மகள், மாமன் மகன் கட்டிய குடும்பத்தில் ஒரே ஆள் இரண்டு கிளையில் வருவார், படியெண் அங்கே உடைந்துவிடும். கேள்விப்பட்ட வரிசையில் 1, 2, 3 என்று ஓடுகிற எண் போதும். ஒவ்வொரு எண்ணுக்கும் நோட்டில் ஒரு பக்கம்: பெயர், பட்டப்பெயர், அப்பா எண், அம்மா எண், பிறந்த ஊர், கட்டிக்கொடுத்த ஊர், தொழில், இறந்த காலம். பெண்களுக்குப் பிறந்த ஊர் கட்டாயம் வேண்டும். "மேலத்தெரு ஆச்சி" என்று மட்டும் எழுதி வைத்தால் அவர் வழிச் சொந்தம் முழுக்க அறுந்துபோகும். கணினியில் ஏற்றுவதென்றால் கிராம்ப்ஸ் என்ற இலவச மென்பொருள் தமிழை ஏற்கிறது, சொந்தத்துக்குள் கட்டிய கல்யாணத்தையும் குழப்பமில்லாமல் காட்டுகிறது.

கேட்பது

"ஆச்சி, ஒங்க கதையச் சொல்லுங்க" என்று கேட்டால் "எனக்கென்ன கதை, பெத்தேன் வளத்தேன்" என்று முடித்துவிடுவார்கள். வீட்டிலிருந்து ஆரம்பியுங்கள். பழைய வீட்டின் படத்தை, இடிந்துபோன வீடாக இருந்தாலும், அவர்கள் சொல்லச் சொல்ல ஒரு தாளில் வரையுங்கள். நடை, தார்சா (முன்கூடம்), பட்டாசல் (நடுக்கூடம்), அரங்குவீடு (சாமான் வைக்கும் உள்ளறை), அடுக்களை, தொழுவம், புறவாசல். அரங்குவீட்டில் என்னென்ன பானை இருந்தது, நெல் கொட்டி வைக்கும் குலுக்கை எந்த மூலையில், விளக்கு எங்கே ஏற்றுவார்கள் என்று கேட்டுக்கொண்டே போனால் கை தானாகத் தாளைச் சுட்ட ஆரம்பிக்கும்.

அதற்குப் பிறகு ஒரே ஒரு கேள்வி: "ராத்திரி யார் யார் எங்கன படுப்பாவ?" இதற்கு வருகிற பதிலில் பாதி வரலாறு இருக்கும். தார்சாவில் படுத்தவர் ஏன் அங்கே படுத்தார், புதுப் பெண்ணுக்கு எந்த அறை, கைம்பெண்ணான பெரிய அத்தை எந்த மூலையில், கோபித்துக்கொண்டு தொழுவத்துக்குப் பாயைத் தூக்கிப் போன சித்தப்பா யார் என்று ஒவ்வொன்றாக வரும். நேரே கேட்டால் சொல்லாத சண்டையும் நோயும் சாவும் படுக்கை இடம் வழியாக வந்துவிடும்.

கை சும்மா இருந்தால் வாய் திறக்காதவர்கள் உண்டு. முக்கூடல், ஆலங்குளம், கடையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களிடம் தட்டை மடியில் வைத்துக்கொண்டே பேசச் சொல்லுங்கள். கத்தரி சத்தம் பதிவில் விழும், விழட்டும். மைக்கைத் தட்டிலிருந்து விலக்கித் தோள்பட்டைப் பக்கம் மாட்டினால் போதும்.

ஐந்நூறு ரூபாய்க் காலர் மைக்கும் போனும் இந்த வேலைக்குத் தாராளம். மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் கீழே மாட்டுங்கள். தாலிச்சங்கிலி உரசுகிறதா, சேலை முந்தி மூடுகிறதா, ஆண்கள் என்றால் தோள்துண்டு படுகிறதா என்று முப்பது விநாடி பதிந்து கேட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும். போனை விமான நிலையில் வையுங்கள். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும், அதனால் காலை 9 மணிக்குள் அல்லது வெயில் தாழ்ந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். எண்பது வயதுக்காரர்களுக்கு ஒரு அமர்வு 45 நிமிடம்தான். அதற்கு மேல் சடவு வந்து, நம்மைத் திருப்திப்படுத்துவதற்காகவே எதையாவது சொல்ல ஆரம்பிப்பார்கள்.

சுருக்காத வேவ் வடிவில், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட், ஒற்றைத் தடத்தில் பதிந்தால் மணிக்குச் சுமார் 520 எம்பி ஆகும். போனில் இடம் பார்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் தேதி, ஊர், பேசுகிறவர் பெயரும் எண்ணும், கூட இருப்பவர்கள் யார் யார் என்று வாயால் சொல்லிவிடுங்கள். கோப்புப் பெயர் தொலைந்தாலும் குரல் சொல்லும். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் மாமியார் வேறு கதை சொல்வார் என்பதால், கூட இருந்தவர் யார் என்பதும் தரவுதான்.

எழுத்தாக்கம்

ஒரு மணி நேரப் பேச்சை முழுக்க எழுத ஆறு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். தானாக எழுதும் செயலிகள் நெல்லைப் பேச்சைப் பத்திரிகைத் தமிழாக மாற்றிவிடுகின்றன. எந்த நிமிடத்தில் என்ன பேச்சு என்று தேட மட்டும் அவற்றைப் பயன்படுத்தலாம். கையால் எழுதும்போது பேசியபடியே எழுதுங்கள், இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நேரக்குறி போடுங்கள், புரியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் கேள்விக்குறி வையுங்கள். மாதிரிக்கு ஒரு துண்டு:

"[14:20] தெக்கு வயக் கெணறு எனக்குக் கல்யாணம் ஆன வருசம் வெட்டுனது. எங்க மாமா வெடி வைக்கிற ஆளுவளக் கூட்டியாந்து ஒரு மாசம் வேலை பாத்தாவ. வெடிச் சத்தத்துக்குத் தொழுவத்துல மாடு கயித்த அத்துட்டு ஓடும். ஒருநா மாமா உள்ள எறங்கிப் பாத்துட்டு 'ஊத்து வந்துட்டு'ன்னு சத்தம் போட்டாவ. [16:20] அன்னைக்குப் பாயாசம் வச்சோம்."

நெல்லைப் பேச்சில் "வந்துட்டு" என்றால் "வந்துவிட்டது". வெளியூரில் வளர்ந்த பேரப்பிள்ளைகளிடம் எழுத்தாக்கத்தைக் கொடுத்தால் "ஊற்று வந்துவிட்டு" என்று திருத்தி வைப்பார்கள், அடுத்த வாக்கியம் விட்டுப்போனதாக நினைத்துக்கொண்டு. ஊரில் இருக்கிற ஒருவர் பதிவைக் கேட்டபடி ஒரு முறை சரிபார்த்தே ஆக வேண்டும்.

காகிதம்

முதல் நாளே "பத்திரத்தக் காட்டுங்க" என்று கேட்டால் சொத்தில் பங்கு கேட்க வந்திருக்கிறான் என்றுதான் நினைப்பார்கள். நினைப்பதில் தவறும் இல்லை. கல்யாணப் படத்திலிருந்து ஆரம்பித்து, ஜாதகம், அழைப்பிதழ், கொழும்பிலிருந்து வந்த கடிதம், பள்ளிச் சான்று என்று போய் கடைசியில் பத்திரத்துக்கு வாருங்கள். எதையும் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாம். அந்த வீட்டு முற்றத்து வெளிச்சத்திலேயே படம் எடுத்து, அவர்கள் கண்முன்னே திருப்பிக் கொடுங்கள். பாகப்பிரிவினை வழக்கு ஓடுகிற குடும்பத்தில் பத்திரத்தை விட்டுவிடுவது உத்தமம்.

நம் பக்கத்துப் பழைய பத்திரங்களில் கொல்லம் ஆண்டு போட்டிருக்கும். கூடவே அறுபது வருடச் சுற்றில் வருடப் பெயரும் இருக்கும். ஒன்றை வைத்து மற்றதைச் சரிபார்க்கலாம். "௲௱௨ ௵ தை ௴ ௰௫ ௳, அட்சய" என்று ஒரு பத்திரம் ஆரம்பிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ௲ ஆயிரம், ௱ நூறு, ௨ இரண்டு: கொல்லம் 1102. ௵ வருடம், ௴ மாதம், ௳ தேதி. ௰௫ என்றால் 15. இங்கே கொல்லம் ஆண்டு ஆவணியில் பிறக்கிறது. ஆவணியிலிருந்து டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824 கூட்ட வேண்டும், ஜனவரியிலிருந்து ஆடி முடிய உள்ள தேதிக்கு 825. மார்கழியின் பின்பாதி ஜனவரியில் விழும், அங்கே கவனம். இது தை, எனவே 1102 + 825 = 1927, ஜனவரி கடைசி. அட்சய வருடம் 1926 சித்திரையிலிருந்து 1927 பங்குனி வரை, பொருந்துகிறது. பொருந்தாவிட்டால் எண்ணைத்தான் தப்பாகப் படித்திருப்போம். க, உ, எ, அ என்ற எழுத்துகளும் ௧, ௨, ௭, ௮ என்ற எண்களும் பழைய கையெழுத்தில் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். பத்திரத்தின் தலையில் இருக்கும் பிள்ளையார்சுழியை இரண்டு என்று எண்ணிக்கொண்டவர்களும் உண்டு.

தொகைகளில் ௹ ரூபாய், ௸ மேற்படி. 1957 ஏப்ரலுக்கு முன்னால் என்றால் அணா, பை: 16 அணா ஒரு ரூபாய், 12 பை ஒரு அணா. நிலப் பங்கில் மா (1/20), காணி (1/80), முந்திரி (1/320) வரும். நன்செய்யைக் கோட்டை விதைப்பாடு என்று, அதாவது விதைக்க எவ்வளவு நெல் வேண்டும் என்ற கணக்கில், எழுதியிருப்பார்கள், 21 மரக்கால் ஒரு கோட்டை. இதை ஏக்கராக மாற்ற வாய்பாடு தேடாதீர்கள், ஊருக்கு ஊர் மாறும். அதே நிலத்தின் பிந்தைய பத்திரத்தில் ஏக்கர் சென்ட் இருக்கும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். பழைய சர்வே எண்ணும் இன்றைய பட்டாவில் உள்ள எண்ணும் ஒன்றாக இல்லாமல் இருக்கலாம். 1980-களில் முடிந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பல இடங்களில் எண்கள் மாறின, அளவும் ஹெக்டேர் கணக்குக்குப் போனது.

தேதி இல்லாத பிராமிசரி நோட்டுகளில் ரெவின்யூ ஸ்டாம்பில் யார் தலை என்று பாருங்கள். ஐந்தாம் ஜார்ஜ் என்றால் 1910-க்குப் பிறகு, ஆறாம் ஜார்ஜ் என்றால் 1936-க்குப் பிறகு. ஸ்டாம்பு கொஞ்ச காலம் கழித்தும் புழங்கியிருக்கலாம், ஆனால் அதற்கு முந்தைய நோட்டாக இருக்க முடியாது.

ஆவணம் தேடிப் போகும்போது மாவட்ட எல்லையை நினைவில் வையுங்கள். 1986 வரை தூத்துக்குடிப் பக்கமும், 2019 வரை தென்காசிப் பக்கமும் திருநெல்வேலி மாவட்டம்தான். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்தது. நாசரேத், மெஞ்ஞானபுரம் போன்ற பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பம் என்றால் சபையின் ஞானஸ்நானப் பதிவேடுதான் முதல் கதவு.

பெரியவர்களின் ஆதார் பிறந்த தேதியை நம்ப வேண்டாம். பல சமயம் அது பள்ளியில் சேர்க்க வயது காட்டுவதற்கு ஆசிரியர் போட்ட தேதி. ஜாதகம் இருந்தால் அதுதான் கணக்கு. இல்லையென்றால் நங்கூரம் வைத்துக் கேளுங்கள்: தனுஷ்கோடி அழிந்த புயல் (1964 டிசம்பர்), ஆற்றில் வெள்ளம் ஊருக்குள் வந்தது (1992 நவம்பர்), எம்ஜிஆர் இறந்தது (1987 டிசம்பர்), பரம்பரைக் கணக்கப்பிள்ளை பதவி போனது (1980). "அதுக்கு முந்தியா பிந்தியா, கார் அறுப்பா பிசான அறுப்பா?" என்று கேட்டால் சில மாத வித்தியாசத்தில் பிடித்துவிடலாம். கல்யாணங்களையும் பிரசவங்களையும் இப்படி வரிசைப்படுத்தியபின் மற்றவை தானாக இடம் பிடிக்கும்.

படமும் ஓலையும்

பட்டாசலில் மாட்டிய படங்களை ஃபிரேமிலிருந்து கழற்றும்முன் பக்கவாட்டில் வெளிச்சம் காட்டிப் பாருங்கள். ஈரத்தில் படம் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் அந்த இடம் பளபளவென்று தெரியும். உரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். கண்ணாடியோடே ஸ்கேன் செய்யுங்கள். போஸ்ட்கார்டு அளவுக்கு 600 டிபிஐ, பாஸ்போர்ட் அளவுக்கு 1200, டிஃப் கோப்பு. பின்பக்கம் எழுத 2பி பென்சில், பேனா கூடாது. எண்பதுகளுக்குப் பிந்தைய வண்ணப்படத்தின் பின்பக்கம் பென்சில் பிடிக்காது, உறையில் எழுதுங்கள். கூட்டப் படத்துக்கு மேல் டிரேசிங் தாள் வைத்து தலைகளை மட்டும் வரைந்து ஆள் எண்ணைப் போடுவது நல்ல வழி. பசைப் பக்கமும் பிளாஸ்டிக் தாளும் உள்ள ஆல்பத்தில் இருக்கிற படங்களை முதலில் ஸ்கேன் செய்யுங்கள், அவைதான் சீக்கிரம் கெடுகிறவை.

மச்சில் ஓலைக்கட்டு கிடைத்தால் கயிற்றை அவிழ்க்கும்முன் மேலிருந்து ஒரு படம், பக்கத்திலிருந்து ஒரு படம். வரிசை குலைந்தால் திரும்பக் கோக்க அதுதான் உதவும். மெல்லிய தூரிகையால் தூசி தட்டுவது வரை வீட்டில் செய்யலாம். தேங்காய் எண்ணெய் தடவாதீர்கள், பூச்சியை அழைத்த மாதிரி. ஒட்டிக்கொண்ட ஓலைகளைப் பிரிக்க முயலவும் வேண்டாம், சென்னை அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் போன்ற இடங்களில் கேட்டுச் செய்யுங்கள். மை தடவாத எழுத்து நேர்வெளிச்சத்தில் தெரியாது. டார்ச்சை ஓலை மட்டத்துக்குக் கிடத்திப் பிடித்தால் கீறல் நிழலாகி எழுத்து தெரியும், அப்போது படம் எடுங்கள்.

இரண்டும் மோதும்போது

தெற்கு வயல் கிணற்றுக்கே வருவோம். ஆச்சிக்குக் கல்யாணம் 1955 வாக்கில் என்று வைத்துக்கொள்வோம். 1927 பத்திரத்தின் தபசிலில் (சொத்து விவரப் பகுதியில்) எல்லை எழுதும்போதே "கிணற்றுக்கு மேற்கு" என்று இருக்கிறது. ஆச்சி மறந்துவிட்டார் என்று எழுதிவிட அவசரப்படக் கூடாது. கிணற்றைப் போய்ப் பார்க்க வேண்டும். மேலே பாதி கையால் கொத்திய கல்கட்டு, அதற்குக் கீழே பாறையில் நேர்க்கோட்டில் இறங்கும் வெடித்துளைத் தடம் என்று இருந்தால் இரண்டும் சரி. பழைய கிணற்றைப் பிற்பாடு ஆழப்படுத்தியிருக்கிறார்கள். ஆச்சி பார்த்தது அதைத்தான், அவர் பேச்சில் வெடி வருவதே அதனால்தான். தடம் இல்லை என்றால் பத்திரம் சொல்வது வேறு கிணறாக இருக்கலாம், சர்வே எண்ணையும் புலப்படத்தையும் (நில அளவை வரைபடத்தையும்) பார்க்க வேண்டும்.

கதைப் பகுதியில் ஒவ்வொரு செய்திக்குப் பிறகும் சின்னதாக ஒரு குறி போதும்: வா என்றால் வாய்மொழி, ப என்றால் பத்திரம், நே என்றால் நேரில் கண்டது, ஊ என்றால் நம் ஊகம். பக்கத்தில் ஆள் எண்ணும் பதிவின் நிமிடமும். "தெற்கு வயலில் 1927-க்கு முன்பே கிணறு இருந்தது (ப). 1955 வாக்கில் வெடி வைத்து ஊற்றுக் கண்டார்கள் (வா 23, 14:20; நே). முதலில் வெட்டியது 4-ஆம் ஆளின் காலமாக இருக்கலாம் (ஊ)." படிக்கக் கொஞ்சம் முட்டும். முட்டினாலும் பரவாயில்லை, கதையை ஓட்டமாக எழுத ஆசைப்பட்டு இந்தக் குறிகளை எடுத்துவிட்டால் பத்து வருடத்தில் எழுதியவருக்கே நினைவிருக்காது.

எல்லாம் அச்சுக்குப் போக வேண்டியதில்லை. தற்கொலை, இரண்டாம் தாரம், ஊரைவிட்டுப் போன பெண், பங்குச் சண்டை ஆகியவற்றைச் சொன்னவரிடம் "இது புத்தகத்துலயா, பெட்டிக்குள்ளயா?" என்று பதிவிலேயே கேட்டு, பதிலையும் பதியுங்கள். பெட்டிக்குள் என்றால் தனி உறையில், எந்த ஆண்டு திறக்கலாம் என்று மேலே எழுதி வையுங்கள்.

அச்சு

பாமினி, வானவில் எழுத்துருவில் தட்டச்சு செய்த பழைய கோப்புகள் கையில் இருந்தால் முதலில் யூனிகோடுக்கு மாற்றுங்கள். டெம்மி அளவு, 12 புள்ளி எழுத்து. பக்கத்தை 16-இன் மடங்காக முடித்தால் பாரம் வீணாகாது, 128 பக்கம் என்றால் 8 பாரம். ஐம்பது படிக்குக் கீழே என்றால் லேசர் அச்சுதான், இங்க்ஜெட் மை வியர்வைக் கைக்குக் கரையும். கட்டு நூல் தைத்ததாக இருக்கட்டும். பசை மட்டும் போட்ட கட்டு நம் சித்திரை வெயிலில் இரண்டு மூன்று வருடத்தில் முதுகு விட்டுவிடும், சுருள்கம்பி அதற்கு முன்பே பிள்ளைகள் கையில் போய்விடும். கடைசிப் பாரத்தில் எட்டுப் பக்கம் கோடு போட்டு வெற்றாக விடுங்கள், பிறப்பு இறப்பு எழுத.

ஒலியும் படங்களும் மூன்று இடத்தில்: ஊர் வீட்டில் ஒரு ஹார்டு டிஸ்க், வெளியூர்ப் பிள்ளை வீட்டில் ஒன்று, இணையச் சேமிப்பில் ஒன்று. ஹார்டு டிஸ்க்கை வருடத்துக்கு ஒரு முறை செருகிக் கோப்புகளைத் திறந்து பாருங்கள், ஐந்தாறு வருடத்தில் புதிதுக்கு மாற்றுங்கள். புத்தகத்தை உத்திரத்தன்று கொடுத்தால் அன்று மாலைக்குள் திருத்தங்கள் வரத் தொடங்கும். அச்சான பிரதி ஒன்றில் சிவப்பு மையில் குறித்து, சொன்னவர் எண்ணும் தேதியும் போட்டு, அந்தப் பிரதியை மட்டும் யாருக்கும் இரவல் கொடுக்காமல் வையுங்கள்.